சீசன் வருமானமும் மாதாந்திர பில்லும்: ரமணாசிரமம் பகுதிக் குடும்பத்துக்கு முதல் கிரெடிட் கார்டு

கிரெடிட் ஸ்கோர் என்பது ஒருவர் வாங்கிய கடனை எப்படித் திருப்பிக் கட்டினார் என்பதற்கு 300 முதல் 900 வரை போடப்படும் மதிப்பெண். இதைப் போடும் உரிமம் பெற்ற நிறுவனங்கள் இந்தியாவில் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க். 2000-ல் முதலில் தொடங்கப்பட்டது சிபில் என்பதால் பேச்சு வழக்கில் நான்குக்குமே அந்தப் பெயர்தான் நிலைத்துவிட்டது. 'சிபில் அடிபட்டுப்போச்சு' என்பவர் எக்ஸ்பீரியன் அறிக்கையைக் கையில் வைத்திருந்தாலும் அப்படித்தான் சொல்வார். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கடன்தாரர் ஒவ்வொருவரின் கணக்கு விவரத்தையும் இந்த நான்கு இடங்களுக்கும் அனுப்பியாக வேண்டும். 2025 ஜனவரியில் இது மாதத்துக்கு இருமுறை என்றானது, 15-ம் தேதி நிலவரமும் மாதக் கடைசி நிலவரமும். ஸ்கோர் 750-ஐத் தாண்டியவருக்கு வீட்டுக் கடனில் வட்டி பேசிக் குறைக்க இடம் உண்டு. 650-க்குக் கீழே உள்ளவரின் விண்ணப்பம் பெரும்பாலும் மேலாளர் மேசைக்கே போகாது.

மதிப்பெண் குறைவாக இருப்பது ஒரு சிக்கல், மதிப்பெண்ணே இல்லாதிருப்பது வேறொரு சிக்கல். திருவண்ணாமலை ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் இரண்டாவதுதான் அதிகம். செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ரமண நகர் தெருக்களிலும் பெரும்பாக்கம் ரோட்டிலும் உள்ள வழக்கமான வீட்டின் கணக்கு இப்படி இருக்கும்: கீழே குடும்பம், மாடியில் வாடகைக்கு இரண்டு அறை. டிசம்பரிலிருந்து மார்ச் வரை வெளிநாட்டுக்காரர்கள் மாதக்கணக்கில் தங்குவார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்துக்கு வரும் சென்னை, பெங்களூருக் கூட்டம் ஓரிரவு தங்கிப் போகும். ஏப்ரல் வெயில் ஏறியதும் அறைகள் பூட்டிக் கிடக்கும். வாடகை பெரும்பாலும் ரொக்கம். சேமிப்பு நகையாகவும் சீட்டாகவும் இருக்கும். அவசரத்துக்குத் தண்டல்காரர், அடகுக் கடை. இவர்களில் யாரும் சிபிலுக்குத் தகவல் அனுப்புவதில்லை. இருபது வருடம் ஒரு நாள் தவறாமல் தண்டல் கட்டியவரும், ஒரு கடனையும் திருப்பாதவரும் முதன்முறையாக வங்கி வாசலை மிதிக்கும்போது, இருவருமே கணினித் திரையில் முன்வரலாறு இல்லாதவர்கள்தான். அவர்களுக்கு எதிரே '-1' என்று இருக்கும். மொட்டை மாடியில் மூன்றாவது அறை எழுப்பக் கடன் கேட்கும் நாளில்தான் இது தெரியவரும்.

வங்கியில் வைத்த நகைக் கடனும் மகளிர் சுயஉதவிக் குழுவில் வாங்கிய கடனும் பதிவாகின்றன என்பது பலர் அறியாத செய்தி. ஆகவே அந்த வீட்டில் கணவனுக்கு இல்லாத கடன் வரலாறு மனைவிக்கு இருக்கக்கூடும். அறிக்கையை வாங்கிப் பார்க்காமல் 'நமக்கு ஒன்றும் இருக்காது' என்று முடிவு கட்டக் கூடாது. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி ஆணை. ஆக ஆண்டுக்கு நான்கு இலவச அறிக்கை. தன் அறிக்கையைத் தானே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. குறையும் என்று சொல்லிப் பயமுறுத்துபவர்கள் பெரும்பாலும் அதையே காசு வாங்கிக்கொண்டு எடுத்துத் தருபவர்கள்.

வரலாறு இல்லாதவர் அதை உண்டாக்கிக்கொள்ள மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் வழி கிரெடிட் கார்டுதான். தனிநபர் கடன் வாங்கினால் முதல் நாளிலிருந்து வட்டி. கார்டில் பில் தொகை முழுவதையும் உரிய தேதிக்குள் கட்டினால் வட்டி இல்லை, பதிவு மட்டும் மாதாமாதம் ஏறும். 'கார்டு வாங்கின குடும்பம் உருப்படாது' என்று பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 'கார்டு இல்லாமல் இந்தக் காலத்தில் முடியுமா சார்' என்று விற்பவர் சொல்வதில் மீதிப் பாதி. இருவருமே சொல்லாமல் விடுவது எந்தக் கார்டு என்பதை.

முதல் கார்டு எஃப்டி கார்டாகத்தான் இருக்க வேண்டும். வங்கியில் ஒரு நிரந்தர வைப்புத் தொகையைப் போட்டு, அதை ஈடாகக் காட்டி வாங்கும் கார்டு இது. லிமிட் பொதுவாக வைப்புத் தொகையில் 80 முதல் 100 சதவீதம். எஸ்பிஐ கார்டின் உன்னதி, ஐடிஎஃப்சி ஃபர்ஸ்டின் வாவ், கோட்டக்கின் 811 வரிசை ஆகியவை இந்த வகையில் பலரும் அறிந்தவை. வேறு பல வங்கிகளிலும் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். எஃப்டிக்கு உரிய வட்டி தொடர்ந்து வரும். வருமானச் சான்று பெரும்பாலும் கேட்பதில்லை என்பதே இந்தப் பகுதிக்கு முக்கியம். ரொக்கமாக வாடகை வாங்கி, வருமான வரிக் கணக்கில் காட்டாதவரிடம் காட்டுவதற்கு வேறு சான்று ஏது? சீட்டுப் பணம் எடுத்த கையோடு 25,000 ரூபாயை எஃப்டியில் போட்டு ஒரு கார்டு வாங்கிவிடுவது, அதே பணத்தில் அரை சவரனுக்கும் குறைவாக நகை எடுப்பதைவிட அந்த ஆண்டுக்குப் பயனுள்ள காரியம். தபால் நிலையத்தில் போட்ட வைப்பு இதற்கு உதவாது. பதிவில் இது ஈட்டுக் கார்டு என்பதற்காக மதிப்பெண் குறைத்துப் போடப்படுவதில்லை. ஒழுங்காகக் கட்டிய மாதம் ஒழுங்காகக் கட்டிய மாதம்தான்.

கணவன் பெயரில் கார்டு, மனைவிக்கு அதிலேயே ஆட்-ஆன் கார்டு என்று வாங்குவது இங்கே வழக்கம். ஆட்-ஆன் கார்டில் மனைவி செய்யும் செலவு முதன்மைக் கார்டுக்காரரின் கணக்கில்தான் ஏறும். மனைவிக்கு ஸ்கோர் வளராது. வீடும் மின் இணைப்பும் மனைவி பெயரில் இருக்கும் குடும்பங்களில் நாளைக்குக் கடன் விண்ணப்பமும் அவர் பெயரில்தான் போகும். எனவே எஃப்டி கார்டு அவர் பெயரிலேயே தனியாக இருப்பது நல்லது.

விண்ணப்பத்துக்குப் பான், ஆதார், முகவரிச் சான்று, வீடியோ கேஒய்சி. இதில் சொல்வதற்கு அதிகம் இல்லை. ஒரே வாரத்தில் நான்கு வங்கிகளில் விண்ணப்பிக்கக் கூடாது. ஒவ்வொன்றும் அறிக்கையில் விசாரணையாகப் பதிவாகும், பணத்துக்கு அலைபவர் போன்ற தோற்றம் வரும். பெயர் விஷயத்தில் மட்டும் சற்று நிதானம் தேவை. தமிழ்நாட்டில் இனிஷியலோடு வாழ்ந்தவரின் பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், ஆதாரில் இனிஷியலாகவே இருக்கும், வங்கிப் பாஸ்புத்தகத்தில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் போயிருக்கும். அண்ணாமலை, அருணாசலம் என்று தெருவுக்குப் பத்துப் பேர் உள்ள ஊரில், ஒருவர் வாங்கிய பைக் கடன் இன்னொருவர் அறிக்கையில் ஏறுவதற்கு இதைவிட வசதி வேண்டாம். மூன்று ஆவணத்திலும் பெயரை ஒன்றாக்கிய பிறகு விண்ணப்பிப்பது நல்லது.

கார்டு கைக்கு வந்ததும் கவனிக்க வேண்டியவை இரண்டு தேதிகள். ஒன்று ஸ்டேட்மென்ட் தேதி, மற்றொன்று கட்டக் கடைசித் தேதி. 5-ம் தேதி ஸ்டேட்மென்ட் என்றால் கடைசித் தேதி பெரும்பாலும் 25-ம் தேதி வாக்கில் வரும். 6-ம் தேதி வாங்கிய பொருளுக்கு ஏறக்குறைய 50 நாள் வட்டியில்லாத் தவணை, 4-ம் தேதி வாங்கியதற்கு 20 நாள் சொச்சம்தான். ரிசர்வ் வங்கியின் 2022 ஏப்ரல் விதிகளும் அதன் பின்வந்த திருத்தமும் கார்டுக்காரர் தம் பில் சுற்றைக் குறைந்தது ஒருமுறை மாற்றிக்கொள்ள உரிமை தருகின்றன. மாத வாடகை முதல் வாரத்தில் கைக்கு வரும் வீட்டுக்குக் கடைசித் தேதி 10-ம் தேதிக்கு அருகே இருந்தால் நல்லது. விற்பவர் இதைச் சொல்ல மாட்டார், கேட்டு வாங்க வேண்டும்.

அதிகம் பேரை அதிகம் பணம் இழக்கவைத்த இடம் இனி வருவது. பில்லில் இரண்டு தொகைகள் அச்சாகின்றன: மொத்த பாக்கி, மினிமம் டியூ. விண்ணப்பப் படிவத்தில் ஆட்டோ டெபிட் பகுதியிலும் இதே இரண்டு கட்டங்கள் உண்டு. படிவத்தை வாடிக்கையாளர் நிரப்புவதில்லை. ஆசிரமம் பக்கம் அறை விடுபவர்களைத் தேடி வீட்டுக்கே வரும் பிரதிநிதி டேப்லெட்டில் தட்டிக்கொண்டே போவார். 'ஆட்டோ டெபிட் போட்டுடறேன் சார், நீங்க தேதியே ஞாபகம் வச்சுக்க வேணாம்' என்பார். எந்தக் கட்டத்தில் டிக் விழுந்தது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. மினிமம் டியூ கட்டத்தில் விழுந்திருந்தால் என்ன நடக்கும் என்பதை ஒரு பில்லை வைத்தே பார்க்கலாம்.

கார்த்திகை தீபத்துக்கு முன்னால் மாடி அறைகளுக்குக் கீசரும் மெத்தையும் மாற்றியாக வேண்டும். நவம்பர் 8-ம் தேதி 40,000 ரூபாய்க்குக் கார்டு தேய்க்கப்படுகிறது. டிசம்பர் 5-ம் தேதி ஸ்டேட்மென்ட்: மொத்த பாக்கி 40,000, மினிமம் டியூ 5 சதவீதம், அதாவது 2,000. டிசம்பர் 25-ம் தேதி வங்கிக் கணக்கிலிருந்து 2,000 தானாகப் போகிறது. 'உங்கள் கட்டணம் பெறப்பட்டது, நன்றி' என்று எஸ்எம்எஸ் வருகிறது. அறைகள் நிரம்பி, கையில் பணம் புழங்கும் நேரம். கணக்கில் 60,000 ரூபாய் இருந்தாலும் 2,000-தான் எடுப்பார்கள், அதுதான் உத்தரவு. ஜனவரி 5-ம் தேதி வரும் பில்லில் புதிதாக ஒரு ரூபாய்கூடச் செலவு இல்லை. பாக்கி 38,000 என்று இருக்க வேண்டும். இருப்பது 41,120.

கூட்டிப் பார்த்தால் கணக்கில் பிழை இல்லை. முழுத் தொகை கட்டாதபோது வட்டியில்லாத் தவணையே ரத்தாகிவிடுகிறது. வட்டி டிசம்பர் 25-லிருந்து ஓடுவதில்லை, பொருள் வாங்கிய நவம்பர் 8-லிருந்தே ஓடுகிறது. மாதம் 3.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42. 40,000 ரூபாய்க்கு 47 நாள் வட்டி 2,163. மீதி 38,000-க்கு டிசம்பர் 25 முதல் ஜனவரி 5 வரை 11 நாள் வட்டி 481. இரண்டும் சேர்ந்து 2,644. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 476. ஆக 3,120. கட்டியது 2,000, ஏறியது 3,120. இதோடு முடிவதுமில்லை. பழைய பாக்கி முழுதும் தீரும்வரை புதிதாக வாங்கும் அரை லிட்டர் பாலுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி.

மினிமம் டியூவை வைத்து பாக்கியை முடிவில்லாமல் வளரவிடக் கூடாது என்று 2022 விதிகள் சொல்கின்றன. ஆகவே அடுத்தடுத்த மாதங்களில் வட்டியும் ஜிஎஸ்டியும் முழுதாக மினிமம் டியூவில் சேரும், பிடிக்கும் தொகை கூடும். ஆனால் அசலில் கழிவது கொஞ்சம்தான். கூடுதலாகப் பிடிக்கிறார்களே என்று கணக்கைப் பார்ப்பவர் பிழைத்தார். சீசன் நேரத்தில் யார் பார்க்கிறார்கள்? ஏப்ரலில் அறைகள் காலியாகி, வரவு நின்று, கணக்கில் இருப்பு குறைந்த பிறகுதான் பில் கண்ணில் படும். அப்போது கட்டுவதற்குப் பணம் இருக்காது.

இந்த இழப்பின் தனிக்குணம், ஸ்கோர் இதைக் காட்டிக்கொடுக்காது என்பது. மினிமம் டியூ உரிய தேதியில் கட்டப்பட்டால் அறிக்கையில் தாமத நாள் எண்ணிக்கை '000' என்றே பதிவாகும். லிமிட்டில் எவ்வளவு புழங்குகிறது என்ற கணக்கில் மட்டும் சற்றுக் குறையும். ஸ்கோரை வளர்க்கவே கார்டு வாங்கியவர் மாதாமாதம் ஸ்கோரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார், அது 730, 735 என்று நகர்ந்துகொண்டும் இருக்கும். எல்லாம் சரியாகத்தான் போகிறது என்று தோன்றும். கிளையில் போய்க் கேட்டால் 'மெசேஜ் வந்திருக்குமே சார்' என்பதே பதில். வந்திருக்கிறது. கட்டணம் பெறப்பட்டது, நன்றி என்று வந்திருக்கிறது.

ஊர்க் கணக்கில் சொன்னால் கார்டு பாக்கி மூன்றரை வட்டி. ஜிஎஸ்டியோடு சேர்த்தால் நாலு வட்டிக்கு மேல், 4.13. அஞ்சு வட்டி, மீட்டர் வட்டி வாங்குபவர்களுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. கார்டு வட்டிக்கு அப்படி ஓர் உச்சவரம்பு இல்லை. தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல், ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிகம் என்றது, அதாவது இரண்டரை வட்டி. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20-ம் தேதி அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வட்டி விகிதம் ரிசர்வ் வங்கியின் அதிகார வரம்புக்குட்பட்ட விஷயம் என்பது அதன் நிலை. சட்டம் காப்பாற்றும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

ஆகவே கார்டு செயல்பாட்டுக்கு வந்த அன்றே ஆப்பைத் திறந்து, ஆட்டோ டெபிட் 'மொத்த பாக்கி'யில் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். வாயால் கேட்டு வாங்கிய உறுதிக்கு மதிப்பில்லை. முழுத் தொகை இல்லாத மாதம் வந்தே தீரும் என்றால், மினிமம் டியூவுக்குப் போகாமல் வங்கியில் நகையை வைத்துக் கார்டு பாக்கியை அடைக்க வேண்டும். வங்கி நகைக் கடன் முக்கால் வட்டி, ஒரு வட்டிக்குள் முடியும். நாலு வட்டிக் கடனை ஒரு வட்டிக் கடனாக மாற்றுவதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. வளையலைக் கழற்றுவதற்குத் தயங்கிக் கார்டில் ஓட்டும் வீடுகள் ஒரு வளையலின் விலையைவிட அதிகமாக வட்டி கட்டிய பிறகே கழற்றுகின்றன.

ரொட்டேஷன் விடுவது இதைவிட மோசம். தெரிந்த கடையில் கார்டைத் தேய்த்து, இரண்டு மூன்று சதவீதம் கமிஷன் போக ரொக்கமாக வாங்கி, அதை இன்னொரு கார்டில் கட்டுவது. இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். வங்கி கண்டுபிடித்தால் கார்டை முடக்கும், அன்றைக்கு எல்லாக் கார்டும் ஒரே நேரத்தில் நிற்கும். ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தால் எடுக்கும்போதே கட்டணம், எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி. நோ காஸ்ட் இஎம்ஐ என்பதில் வட்டிக்கு உண்டான ஜிஎஸ்டியும் செயலாக்கக் கட்டணமும் காஸ்ட் என்ற கணக்கில் வராது போலும்.

லிமிட்டில் 30 சதவீதத்துக்கு மேல் புழங்கினால் ஸ்கோர் தயங்கும் என்பது பொது வழக்கு. 25,000 லிமிட் உள்ள எஃப்டி கார்டில் இது 7,500. மின்சார பில், காஸ் சிலிண்டர், மொபைல் ரீசார்ஜ் ஆகியவற்றைப் போட்டாலே போதும். அதற்கு மேல் செலவு வந்தால் ஸ்டேட்மென்ட் தேதிக்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிடலாம், பதிவுக்குப் போகும் பாக்கி குறையும். ஆறு மாதத்தில் ஓர் எண் வரும். ஓர் ஆண்டு ஒழுங்காகப் போனால் பெரும்பாலும் வங்கியே ஈடில்லாத கார்டு தருவதாக அழைக்கும். அழைக்காவிட்டாலும் விண்ணப்பிக்கலாம்.

ரிவார்டு பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வர வேண்டும். இந்தப் பகுதியில் அது முன்னால் வந்துவிடுகிறது. காரணம், மாடியில் தங்குபவர்கள். அமெரிக்காவிலிருந்து வந்தவர் காலை டீ குடித்தபடி, கார்டு மைல்களிலேயே டிக்கெட் எடுத்து வந்ததாகச் சொல்வார். அவர் சொல்வது உண்மை. அவர் நாட்டில் கடைக்காரரிடமிருந்து வங்கி பிடிக்கும் கட்டணம் அதிகம், அதில் ஒரு பங்குதான் மைலாகத் திரும்புகிறது. செங்கம் ரோட்டு மளிகைக் கடையிலும் காய்கறி வண்டியிலும் இருப்பது க்யூஆர் அட்டை. வங்கிக் கணக்கிலிருந்து போகும் யுபிஐ-யில் கடைக்காரருக்குக் கட்டணமே இல்லை என்பதால் அதில் ரிவார்டும் இல்லை. 1896 செப்டம்பர் 1-ம் தேதி இந்த ஊரில் இறங்கிய அன்றே, கையில் மிச்சமிருந்த காசை விட்டெறிந்த ஒருவரின் பெயரால் அறியப்படும் பகுதியில் பாயின்ட் கணக்கு பார்ப்பது விசித்திரம்தான். ஆனால் காசுக்கு அறை விடுபவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

க்யூஆர் அட்டையிலேயே கிரெடிட் கார்டு செல்லும் வழி 2022 செப்டம்பரில் திறந்தது. ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ ஆப்பில் இணைத்துக்கொண்டு கடைக்காரரின் வணிக க்யூஆரை ஸ்கேன் செய்யலாம். சிறு கடைகளில் 2,000 ரூபாய் வரை கடைக்காரருக்குக் கட்டணம் பிடிப்பதில்லை. தனிநபர் க்யூஆருக்கோ உறவினர் எண்ணுக்கோ அனுப்ப முடியாது, பலருக்கு இது கடை வாசலில் நிற்கும்போதுதான் தெரியும். எந்த நெட்வொர்க் கார்டு வேண்டும் என்று கேட்டுத் தேர்வு செய்யும் உரிமையும் 2024 செப்டம்பர் முதல் பெரிய கார்டு நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்கு உண்டு. ஸ்வைப் மெஷின் அபூர்வமான இந்தத் தெருக்களில் முதல் கார்டு ரூபேயாக இருப்பது உத்தமம். மற்ற கார்டுகள் ஆன்லைனுக்கு.

பாயின்டைவிடக் கேஷ்பேக் மேல். 150 ரூபாய்க்கு 2 பாயின்ட், ஒரு பாயின்ட் 25 பைசா என்றால் கிடைப்பது 0.33 சதவீதம். அதையும் பட்டியலில் உள்ள குக்கரோ பையோ வாங்கித்தான் தீர்க்க வேண்டும் என்பார்கள். அமேசான் பே ஐசிஐசிஐ கார்டு 2018-ல் வந்தபோது பரவலானதற்குக் காரணம், ஆண்டுக் கட்டணம் இல்லாததும் கேஷ்பேக் நேராக அமேசான் பே கணக்கில் சேர்ந்ததும்தான். பிரைம் உறுப்பினருக்கு அமேசானில் 5 சதவீதம், மற்றவருக்கு 3, வெளியே 1. எஸ்பிஐ கேஷ்பேக் கார்டு 2022-ல் ஆன்லைன் செலவுக்கு 5 சதவீதம் என்று வந்தது. ஆண்டுக் கட்டணம் 999, ஜிஎஸ்டியோடு 1,179. ஆண்டுக்கு 2 லட்சம் செலவழித்தால் தள்ளுபடி. அந்தத் தள்ளுபடிக்காகத் தேவையில்லாததை வாங்குபவர் 1,179 ரூபாயை மிச்சம் பிடிக்கப் பத்தாயிரம் விடுவார். பெட்ரோல், காப்பீடு, வாலெட், வாடகை ஆகியவற்றுக்குப் பெரும்பாலான கார்டுகளில் ரிவார்டு இல்லை. கட்டண மாற்றங்களை ஒரு மாத முன்னறிவிப்போடு வங்கி செய்துகொள்ளலாம், ரிவார்டு அட்டவணையும் அடிக்கடி மாறும். இன்று படித்த பட்டியல் அடுத்த கார்த்திகைக்கு அப்படியே இருக்காது.

விமான நிலைய லவுஞ்ச் உள்ள கார்டை இந்தப் பகுதியில் விற்பவர்களின் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். சென்னை விமான நிலையம் நாலு மணி நேரப் பயணம். அங்கே போய் இலவச இட்லி சாப்பிட ஆண்டுக்குச் சில ஆயிரம் கட்டணம்.

மாதம் 15,000 ரூபாய் கார்டில் போகும் வீட்டுக்கு 1 சதவீதக் கேஷ்பேக் ஆண்டுக்கு 1,800. மேலே பார்த்த ஒரே ஒரு ஜனவரி பில்லில் போனது 3,120. ரிவார்டு கணக்கு பார்க்க உட்காரும் முன் பார்க்க வேண்டிய கணக்கு இது ஒன்றுதான். வெளிநாட்டு இணையதளங்களில் ரூபாயில் காட்டினாலும் பணம் வெளிநாட்டுக்குப் போனால் கூடுதல் கட்டணம் விழலாம். வெளிநாட்டுச் செலாவணி மார்க்-அப் பொதுவாக 3.5 சதவீதம், ஜிஎஸ்டியோடு 4.13. அறை முன்பதிவுத் தளங்களுக்குக் கமிஷன் கட்டுபவர்கள் ஒருமுறை ஸ்டேட்மென்டைப் பார்த்துக்கொள்வது நல்லது.

'லைஃப்டைம் ஃப்ரீ' என்பதும் 'முதல் வருஷம் ஃப்ரீ' என்பதும் வேறு. போனில் பேசுபவர் முதலாவதைச் சொல்வார், வரும் கடிதத்தில் இரண்டாவது இருக்கும். முக்கிய நிபந்தனைகள் அடங்கிய தாளைத் தனியாகத் தர வேண்டும் என்பது விதி. அதில் ஆண்டுக் கட்டணம் என்ற வரியைப் பார்த்த பிறகே ஓடிபி சொல்ல வேண்டும். கார்டு வந்து 30 நாளாகியும் செயல்படுத்தவில்லை என்றால் வங்கி ஓடிபி மூலம் சம்மதம் கேட்க வேண்டும், சம்மதிக்காவிட்டால் கட்டணமின்றி மூடிவிட வேண்டும். கேட்காமலே கார்டு கொடுத்துக் கட்டணமும் போட்டால், அந்தத் தொகையைத் திருப்பித் தருவதோடு அதன் இரு மடங்கையும் வங்கி அபராதமாகத் தர வேண்டும்.

கட்டணம் வாங்கும் கார்டை மூடுவதற்குத் தயங்க வேண்டியதில்லை. பாக்கி எதுவும் இல்லாதபோது மூடச் சொல்லி விண்ணப்பித்தால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். 'இன்னொரு வருஷம் ஃப்ரீ தர்றோம் சார்' என்று இழுப்பார்கள், பதிலுக்கு விண்ணப்ப எண்ணை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். முதலில் வாங்கிய, கட்டணமில்லாத எஃப்டி கார்டை மூடாமல் மாதம் ஒரு ரீசார்ஜாவது போட்டு வைத்திருப்பது நல்லது. கணக்கின் வயதும் மதிப்பெண்ணில் சேரும். ஓராண்டுக்கு மேல் தொடாமல் விட்டால் அறிவிப்புக் கொடுத்து வங்கியே மூடிவிடலாம்.

கட்ட முடியாமல் போனவரிடம் பாதி கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்று வரும் செட்டில்மென்ட் பேச்சு கவர்ச்சியாக இருக்கும். அறிக்கையில் அந்தக் கணக்கு மூடப்பட்டது என்று வராது, 'செட்டில்டு' என்று வரும். கடன் தகவல் நிறுவனங்கள் குறைந்தது ஏழு ஆண்டு விவரங்களை வைத்திருக்க வேண்டும் என்பதால் மூன்றாவது அறை கட்டும் திட்டம் அத்தனை காலம் தள்ளிப்போகும். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது. விருந்தினர் இருக்கும் வீட்டு வாசலில் நின்று சத்தம் போடுவதற்கும் அவர்களுக்கு உரிமை இல்லை.

அறிக்கையில் பிழை இருந்தால், வேறொரு அருணாசலத்தின் பைக் கடன் ஏறியிருந்தாலும், மூடிய கார்டு இன்னும் திறந்திருப்பதாகக் காட்டினாலும், முதலில் அந்தக் கடன் தகவல் நிறுவனத்துக்கும் வங்கிக்கும் எழுத வேண்டும். 30 நாளில் தீராவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பரில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் 2022 செப்டம்பர் முதல் சிபில் போன்ற நிறுவனங்கள் மீதான புகாரும் அடக்கம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. ஆன்லைனில் போட முடியாதவர்கள் சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கியின் புகார் மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். எந்த மொழியில் எழுதினாலும் ஏற்றுக்கொள்கிறார்கள், தமிழிலேயே எழுதலாம்.